ஆற்றில் கிடைத்த கல்

எங்கள் கல்முனைக் கடற்கரையில் பிள்ளைகள் கல் பொறுக்கினால் அது விளையாட்டு. பொகவந்தலாவ, இரத்தினபுரிப் பக்கத் தோட்டங்களிலோ ஆற்றோரம் எடுத்த கல் நீலக்கல்லாகவும் இருக்கலாம், வெறும் பளிங்காகவும் இருக்கலாம். வெட்டாத கல்லைக் கண்ணால் பிரிப்பது கஷ்டம். லயத்துக்கு வரும் வியாபாரியிடம் உடனே கொடுத்துவிடாதீர்கள்.

கல்லை நூலில் கட்டி நகைக்கடைத் தராசில் நிறுங்கள். பிறகு தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுங்கள். 20 கிராம் கல் 15 ஆகக் குறைந்தால், குறைந்த 5ஆல் 20ஐப் பிரியுங்கள். 4 வரும், அது நீலக்கல்லின் கணக்கு. பளிங்கென்றால் தண்ணீருக்குள் பன்னிரண்டரை நிற்கும், 2.65 அளவுதான் வரும்.

ஆனால் கார்னட் என்ற மலிவுக் கல்லும் 4க்குக் கிட்ட வரும். ஆகவே கடைசி முடிவு தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் பரிசோதனைக் கூடத்தில்தான். குழி வெட்டவும் அவர்களுடைய அனுமதிப்பத்திரம் வேணும்.