பொங்கலன்று ஆளுக்கொரு ருசியா?

சர்க்கரைப் பொங்கலுக்கு ஒரு கப் அரிசி, கால் கப் பாசிப்பருப்பு, ஒன்றரை கப் வெல்லம் போதும். இன்னும் தித்திப்பு கேட்பவர்களுக்குக் கொஞ்சம் வெல்லப்பாகு தனியே இருக்கட்டும். அரிசி நன்றாகக் குழைந்த பிறகே வெல்லம் சேருங்கள். முன்பே சேர்த்தால் அரிசி வேகாமல் விறைத்துவிடும். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டாமல் ஊற்றவே கூடாது, மண் கடிபடும்.

வெண்பொங்கலில் முழு மிளகைக் குழந்தைகள் பொறுக்கி ஒதுக்குவார்கள். ஒன்றிரண்டாகப் பொடித்துத் தாளியுங்கள்.

மொச்சை, பரங்கிக்காய், சர்க்கரைவள்ளிக் கிழங்கு சேர்ந்த பலகாய்க் குழம்புதான், என் கணக்கில், அன்றைய பெருஞ்சுவை. யாரோ ஒருவருக்குப் பிடிக்கவில்லை என்று அதை விட்டுவிடாதீர்கள். அவருக்கு ஒரு கத்தரிக்காய் கொத்சு போதும். பச்சை மொச்சை கிடைக்காவிட்டால் காய்ந்ததை முந்தின இரவே ஊறப்போட்டுவிடுங்கள்.