ஓடும் நீர் காட்டும் ஒளி

கரும்பலகையில் சாக்பீஸால் எழுதினால் கடைசி வரிசை மாணவியும் படித்துவிடுவாள். அதையே வெள்ளைச் சுவரில் எழுதினால் அருகில் நிற்பவளுக்கும் தெரியாது. காரணம், நிற வேறுபாடு இல்லை. உடலின் உட்புறத்தைப் படம் பிடிக்கும் எம்.ஆர்.ஐ. கருவிக்கும் இதுவே பெரிய சோதனை.

நம் உடலில் மிகுதியாக உள்ளது நீர். நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுவின் கரு ஒரு சிறு காந்தம் போன்றது. வலிய காந்தத்தினுள் நோயாளியைப் படுக்க வைத்தால் இக்கருக்கள் அக்காந்தத்தின் திசையை ஒட்டி அணிவகுக்க முற்படும். ரேடியோ அலையைச் செலுத்தினால் அணி கலையும். அப்போது கருக்கள் மெல்லிய அலையொன்றைத் திருப்பி அனுப்பும். மீண்டும் அணி சேர, கொழுப்பில் ஏறத்தாழ கால் நொடி போதும். மூளையைச் சூழ்ந்த நீரிலோ சில நொடிகள் ஆகும். இந்தக் கால வேறுபாடே படத்தில் வெண்மையாகவும் கருமையாகவும் தெரிகிறது.

இரத்தக் குழாய்களைத் தெளிவாகக் காட்டக் காடோலினியம் கலந்த மருந்தை ஊசி மூலம் செலுத்துவது உண்டு. ஆனால் சிறுநீரகம் மிகவும் பழுதுற்றவர்களுக்கு, அவற்றுள் சில வகைகளால் தோல் இறுகும் கொடிய நோய் வரலாம் என்பது 2006-இல் தெரியவந்தது. அப்படியானால் அவர்களுக்கு வழி என்ன?

வழி ஓட்டத்திலேயே இருக்கிறது. 1951-ஆம் ஆண்டு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஜி. சூரியன் என்பவர், ஓடும் நீரில் இந்த ஒத்ததிர்வை ஆராய்ந்தார். தேங்கிய நீரைவிட ஓடும் நீர் வலுவான அலையைத் தந்தது! பால் லாட்டர்பர் இம்முறையில் முதல் படத்தை வெளியிட்டது 1973-இல்தான் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இதை நம் கம்பம் பள்ளத்தாக்கின் நெல்வயலில் நின்றே புரிந்துகொள்ளலாம். வயலில் தேங்கிய நீர் வெயிலில் சூடேறிக் கிடக்கும். மடையைத் திறந்ததும் பெரியாற்று நீர் குளிர்ச்சியாகப் பாயும். காலை வைத்தாலே பழைய நீர் எது, புதுநீர் எது என்று தெரிந்துவிடும். அதுபோல, அடுத்தடுத்து ரேடியோ அலை பட்ட தசையின் கருக்கள் அணி சேர நேரமின்றிச் சோர்ந்திருக்கும். அதனால் தசை மங்கலாகத் தெரியும். அவ்விடத்திற்குப் புதிதாகப் பாயும் இரத்தமோ கலையாத அணியுடன் வந்து பளிச்சென்று ஒளிரும். ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை.

இம்முறைக்கும் குறை உண்டு. இரத்தம் மெதுவாகவோ சுழித்தோ ஓடினால் ஒளி குன்றும். சிறிய அடைப்பும் பெரிதாகத் தோன்றலாம். ஆகவே படத்தைப் படிக்கும் மருத்துவருக்கு இயற்பியலும் தெரிந்திருக்க வேண்டும்.

தோழியரே, குழாய்நீரை ஆராய்ந்த ஒருவரின் கண்டுபிடிப்பு, பிற்காலத்தில் மூளையின் இரத்தக் குழாய்களைக் காண உதவியது. ஆய்வுக்கூடத்தில் நாம் காணும் எதையும் சிறிதென்று எண்ண வேண்டாம்.