சொருகியதும் மறையும் யு.எஸ்.பி. கேபிள்

பெங்களூரு பீன்யா பட்டறைகளில் பழைய சி.என்.சி. மிஷினுக்குப் புரோகிராம் ஏற்ற யு.எஸ்.பி.-சீரியல் கேபிள்தான் துணை. லினக்ஸ் லேப்டாப்பில் அது வேலை செய்யாவிட்டால், புதுசு வாங்க உடனே எஸ்.பி. ரோடுக்கு ஓடாதீர்கள். கேபிள் நன்றாகவே இருக்கலாம்; இரண்டு மென்பொருள்கள் அதற்குப் போட்டி போடலாம்.

1. டெர்மினலில் எல்.எஸ்.யு.எஸ்.பி. என்று அடியுங்கள். பட்டியலில் கேபிளே இல்லையென்றால் பழுது கேபிளிலோ போர்ட்டிலோ. இருந்தால் அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். விலை குறைந்த கேபிள்களில் இருக்கும் சி.எச்.340 சிப்புக்கு அது 1ஏ86:7523.

2. கேபிளைக் கழற்றிச் சொருகி, சுடோ சேர்த்து டி.எம்.இ.எஸ்.ஜி. கட்டளை கொடுங்கள். கடைசி வரிகளில் டி.டி.ஒய்.யு.எஸ்.பி.0 வந்து, உடனே துண்டிக்கப்பட்டு, பக்கத்தில் பி.ஆர்.எல்.டி.டி.ஒய். என்ற பெயரும் தெரிந்தால் ஆள் அகப்பட்டது. உபுண்டு 22.04-இல் பலரைத் திணறவைத்தது இதுதான். பார்வையற்றோரின் பிரெய்ல் திரையை இயக்கும் நல்ல மென்பொருள் அது. ஒரு பிரெய்ல் கருவிக்கும் இதே எண் இருப்பதால், உங்கள் கேபிளையும் பிரெய்ல் கருவி என்று எண்ணிப் பிடித்துக்கொள்கிறது.

3. பிரெய்ல் திரை வைத்திருப்பவர் யாரும் அந்த லேப்டாப்பைப் பயன்படுத்தவில்லை என்றால் மட்டும் அந்த மென்பொருளை நீக்குங்கள். பயன்படுத்தினால் தயவுசெய்து நீக்காதீர்கள். அவருக்குத் திரையே போய்விடும். அதற்குப் பதிலாக, அந்த மென்பொருளின் யுடெவ் விதிக் கோப்பை இ.டி.சி.க்குள் இருக்கும் யுடெவ் விதிகள் ஃபோல்டருக்கு அதே பெயரில் நகலெடுத்து, நகலில் 7523 வரும் வரியின் முன்னால் # போட்டால் போதும். ரீஸ்டார்ட் செய்துவிட்டுச் சொருகிப் பாருங்கள்.

4. சொருகிய முதல் சில நொடிகள் மட்டும் கருவி உளறுகிறதா? மோடம்மேனேஜர், அதை மோடம் என்று நினைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கலாம். டாங்கிளில் இன்டர்நெட் எடுக்காதவர்கள் அந்தச் சேவையை நிறுத்தலாம்.

5. "அனுமதி இல்லை" என்று வந்தால் அது மென்பொருள் சண்டை அல்ல. உங்கள் பெயரை டயல்அவுட் குழுவில் சேர்த்து, லாக்அவுட் செய்து மீண்டும் நுழையுங்கள்.

6. இரண்டு கேபிள் சொருகினால் டி.டி.ஒய்.யு.எஸ்.பி. பெயரின் கடைசியில் வரும் 0, 1 என்ற எண்கள் இடம் மாறலாம். ஒரு மிஷினின் புரோகிராம் இன்னொன்றில் ஏறினால் டூல் ஜாபில் மோதும். சி.எச்.340 கேபிள்கள் பலவற்றில் தனி சீரியல் நம்பர் கிடையாது. அதனால் டெவ் ஃபோல்டரில் உள்ள சீரியல் ஃபோல்டருக்குள் பை-பாத் தரும் பெயரையே மென்பொருளில் கொடுங்கள். அந்தப் பெயர் போர்ட்டைப் பொறுத்தது. எந்த மிஷினுக்கு எந்த போர்ட் என்று லேப்டாப் ஓரத்தில் எழுதி ஒட்டிவையுங்கள்.