உறைந்த பனி: ஒரு சொல்லும் அதன் பாடமும்



மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை ஜெபத்துக்கு வரும்போது, "இன்னிக்குப் பனி ஜாஸ்தி, தலையில துண்டு போட்டுக்க" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளுகிறோம். புதுவாயல் கூட்டுரோட்டில் எதிரே வருகிற லாரியை மறைத்து நிற்பதும் பனிதான். வரப்புப் புல்லில் நம் காலை நனைப்பதும் பனிதான். ஆகவே வேதத்தில் "உறைந்த பனி" என்று வாசிக்கும்போதும் இந்தப் பனியையே நினைத்துக்கொண்டு தாண்டிப் போய்விடுகிறோம். அது வேறு. அதைக் கொஞ்சம் கவனிப்போம்.

1. சொல்லின் பொருள்

பனி என்ற ஒரே சொல்லைத் தமிழில் பலவற்றுக்குச் சொல்லுகிறோம். இரவில் புல்லின்மேல் துளித்து நிற்பது பனித்துளி. தரையை ஒட்டிப் புகைபோல் மிதப்பது மூடுபனி. குளிர்நாடுகளில் மேகத்திலிருந்து பஞ்சுபோல் விழுவது வெண்பனி. சங்கீதம் 147:16-ல் இதைத்தான் "உறைந்த மழை" என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். புல்லிலும் இலையிலும் உப்புத் தூவினதுபோல் வெள்ளையாய்ப் படிவது உறைபனி. இதுவே "உறைந்த பனி". பனித்தல் என்றால் நடுங்குதல் என்றும் அர்த்தம் உண்டு. கண்ணீர் துளிப்பதையும் "கண் பனித்தது" என்கிறோம்.

2. எப்படி உண்டாகிறது?

"பனி பெய்யுது" என்று சொல்லுவது வழக்கம். உண்மையில் உறைபனி மேலேயிருந்து பெய்வதில்லை. இருக்கிற இடத்திலேயே உண்டாகிறது.

பகலில் வாங்கிய சூட்டை நிலம் இரவில் வானத்துக்கு விட்டுவிடுகிறது. மேகம் இருந்தால் அது கம்பளிபோல் நின்று, அந்தச் சூட்டில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும். காற்று வீசினால் மேலேயுள்ள வெதுவெதுப்பான காற்று கீழே கலந்துவிடும். மேகமும் இல்லை, காற்றும் இல்லை, இரவும் நீளம் என்றால் புல்லும் இலையும் தங்கள் சூட்டையெல்லாம் இழந்து 0 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். அப்பொழுது காற்றிலுள்ள ஈரம், தண்ணீராகாமலே நேராகப் பனிக்கட்டிப் பொடியாய் அவற்றின்மேல் படியும். பழைய மாடல் பிரிட்ஜில் ஐஸ் பெட்டியின் உட்சுவரில் வெள்ளையாய்ப் படிகிறதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான் இதுவும்.

நாலடி உயரத்தில் தெர்மாமீட்டர் 2, 3 டிகிரி காட்டும்போதே தரையிலுள்ள புல் உறைந்திருக்கலாம். குளிர்ந்த காற்று கனமானது. அது பள்ளத்தை நோக்கி இறங்கும். அதனால் மேட்டைவிடப் பள்ளத்துக்கே சேதம் அதிகம்.

3. நம் மாநிலத்தில் எங்கே?

சென்னையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரி. ஆகையால் நம் பக்கத்தில் உறைபனிக்கு வழியில்லை. ஆனால் கடல்மட்டத்துக்கு 2,200 மீட்டருக்கு மேலுள்ள ஊட்டியில் ஏறக்குறைய நவம்பர் முதல் பிப்ரவரி வரை அது வரும். முதலில் நீர்ப்பனி, பிறகு உறைபனி என்று அங்குள்ளவர்கள் சொல்லுவார்கள். காந்தல், தலைகுந்தா போன்ற தாழ்வான இடங்களில் புல்வெளி காலையில் வெள்ளைச் சேலை விரித்ததுபோல் கிடக்கும்.

பார்க்க அழகு. ஆனால் தேயிலைக்கு அது நெருப்பு. இலைக்குள் இருக்கிற நீர் உறைந்து, வெயில் ஏறினதும் கொழுந்து கருகிவிடும். கொழுந்து இல்லையென்றால் பறிக்கிற சகோதரிகளுக்கு வேலை ஏது? காய்ந்த புல்லையும் தழையையும் போட்டுச் செடியை மூடுவார்கள். மூடின செடி தன் சூட்டைக் காத்துக்கொள்ளும். திறந்து கிடக்கிறது கருகும்.

ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிப்பு: குளிருக்காக அறைக்குள் அடுப்புக்கரி மூட்டி, கதவைச் சாத்திக்கொண்டு தூங்காதேயுங்கள். அதிலிருந்து வரும் விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அப்படித் தூங்கி எழும்பாமலே போனவர்கள் உண்டு.

4. வேதத்தில்

எபிரெயத்தில் இதற்கு முக்கியமாக இரண்டு சொற்கள். ஒன்று 'கெஃபோர்'. மன்னாவின் தோற்றத்துக்கு ஒப்பாகச் சொன்னது (யாத். 16:14) இந்தச் சொல்தான். 'மூடுதல்' என்ற வேரிலிருந்து வந்தது என்று அகராதியில் போட்டிருக்கிறது. எஸ்றா 1:10-ல் கிண்ணத்துக்கும் இதே சொல். மற்றொன்று 'கெராக்'. பனிக்கட்டிக்கும் கடும் உறைபனிக்கும் அது வரும்.

இந்த இரண்டாம் சொல்லை யாக்கோபின் வாயில் பாருங்கள் (ஆதி. 31:40). தமிழில் "குளிர்" என்று மட்டும் இருப்பதால் நமக்கு அதன் பாரம் தெரிவதில்லை. 20 டிகிரிக்கே போர்வையைத் தேடுகிறவர்கள் நாம். யாக்கோபு மந்தையைக் காத்ததோ மேகமில்லாத வானத்தின் கீழே, தரை உறைகிற இராத்திரியில். அதுவும் ஒருநாள் இரண்டுநாள் அல்ல, 20 வருஷம். அவன் சம்பளத்தையோ லாபான் பத்துமுறை மாற்றினான்.

5. நமக்கு

கும்மிடிப்பூண்டி பக்கத்துக் கம்பெனி வாசல்களில் ராத்திரி முழுதும் காவல் நிற்கிறவர்கள் நம் சபையிலும் உண்டு. வடமாநிலத்திலிருந்து வந்து தகரக் கொட்டகையில் படுத்திருக்கிற பிள்ளைகளும் நம் தெருவிலே உண்டு. நம் ஊரில் உறைபனி இல்லைதான். ஆனாலும் திறந்த வெளியில் கிடக்கிறவனுக்குக் குளிர் குளிர்தான். செடியைக்கூட மூடிக் காப்பாற்றுகிறார்களே! வீட்டில் சும்மா மடித்து வைத்திருக்கிற ஒரு கம்பளி இருக்கிறதா? இந்த மார்கழியில் அது யாருக்கு என்று ஜெபித்து, கொண்டுபோய்க் கொடுங்கள்.

வீட்டில் சேர்ந்து வாசிக்க: ஆதி. 31:38-42, யோபு 38:29, சங். 147:16-18.