பால் சொசைட்டி மிஷினில் "கனெக்‌ஷன் இல்லை" என்றால்...



நம் குழுக்களில் கறவை மாட்டுக் கடன் வாங்கியவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். காலையும் மாலையும் கேனைத் தூக்கிக்கொண்டு பால் சொசைட்டிக்குப் போகிறோம். மாதக் கூட்டங்களில் நான் அடிக்கடி கேட்கும் புகார் இதுதான்: "மேடம், மிஷின்ல கனெக்‌ஷன் வரலைன்னு சொல்லி கையால எழுதுறாங்க. அன்னைக்கு மட்டும் எங்க பாலுக்கு ஃபேட் கொறஞ்சு போயிடுது."

கனெக்‌ஷன் என்றால் என்ன, எது எதோடு சேர்ந்திருக்கிறது, எங்கே விட்டுப்போகும் என்பதைத் தெரிந்துகொண்டால் இந்தப் பேச்சில் எது நிஜம், எது சாக்கு என்று நமக்கே புரிந்துவிடும். பத்தாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயமெல்லாம் இல்லை. மிக்ஸி ஓடாவிட்டால் முதலில் பிளக்கைப் பார்க்கிறோம், பிறகு ஜாடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கிறோம் அல்லவா, அந்த அறிவு போதும்.

மேசை மேல் என்னென்ன இருக்கிறது?

சொசைட்டி மேசையைக் கவனித்துப் பாருங்கள். எடை மிஷின் ஒன்று. பாலை உறிஞ்சி ஃபேட், எஸ்.என்.எஃப். காட்டும் அனலைசர் ஒன்று. கணக்கு வைக்கும் கம்ப்யூட்டர் அல்லது சிறு பெட்டி ஒன்று. சிலிப் அடிக்கும் பிரிண்டர் ஒன்று. இந்த ஏற்பாடு 1990-களில் குஜராத்தில் ஆனந்த் பகுதிச் சங்கங்களில் வந்து, பிறகு நாடு முழுக்கப் பரவியது.

எடை மிஷினுக்குள்ளும் அனலைசருக்குள்ளும் நகம் அளவுக்கு ஒரு கறுப்புச் சில்லு இருக்கிறது. மைக்ரோ கன்ட்ரோலர் என்று பெயர். அதுதான் அந்தப் பெட்டியின் மூளை. எடையை, ஃபேட்டை எண்ணாக மாற்றி ஒரு வயர் வழியாகக் கணக்குப் பெட்டிக்கு அனுப்புவது அதன் வேலை.

எப்படி அனுப்புகிறது? நூறு நாள் வேலையில் ஏரி மண்ணை வரிசையாக நின்று கைமாற்றுகிறோமே, அப்படித்தான். ஒரு சட்டி, அடுத்த சட்டி, அதற்கடுத்த சட்டி. ஒரே வரிசை. இப்படி வரிசையாக அனுப்புவதால்தான் இதற்கு சீரியல் என்று பெயர். ஒரு எழுத்தை அனுப்ப வழக்கமாகப் பத்துத் துடிப்புகள் வேண்டும். வேகம் 9600 என்று வைத்திருந்தால் ஒரு விநாடிக்கு 960 எழுத்து போகும். 2400 என்றால் 240 எழுத்து. நம் ஃபேட் எண்ணுக்கு இரண்டுமே தாராளம்.

ஆனால் கொடுப்பவர் வேகமும் வாங்குபவர் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். கொடுக்கிற அக்கா வேகமாக நீட்ட, வாங்குகிறவர் மெதுவாகத் திரும்பினால் சட்டி கீழேதான் விழும். மிஷினில் அப்படி விழுந்தால் திரையில் எண்ணுக்குப் பதில் கிறுக்கல் எழுத்தாக வரும்.

அளப்பது வேறு, அனுப்புவது வேறு

இந்தப் பாடத்தில் இதை மட்டுமாவது மனதில் வையுங்கள். கனெக்‌ஷன் போனது என்றால் பாலை அளக்க முடியவில்லை என்று அர்த்தம் இல்லை. அனலைசருக்குச் சொந்தமாக ஒரு சின்னத் திரை இருக்கும். வயர் அறுந்து கிடந்தாலும் அந்தத் திரையில் ஃபேட்டும் எஸ்.என்.எஃப்-ம் வரும். எடை மிஷினிலும் அப்படியே. ஆகவே "கனெக்‌ஷன் இல்லை, அதனால் நேற்று போட்டதையே போடுகிறோம்", "எல்லாருக்கும் ஒரே ஃபேட்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. "அண்ணே, மிஷின் திரையில என்ன காட்டுதோ அதைப் பாத்து எழுதுங்க, என் அட்டையிலயும் எழுதுங்க" என்று பதமாகவே கேட்கலாம்.

இதில் பணம் எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் போடுங்கள். காலையில் 6 லிட்டர், மாலையில் 4 லிட்டர் ஊற்றுகிறீர்கள். எண் தப்பாக ஏறியதால் லிட்டருக்கு 2 ரூபாய் குறைந்தால் நாளுக்கு 20, மாதத்துக்கு 600 ரூபாய். 2022 நவம்பரில் ஆவின் பசும்பால் கொள்முதல் விலையை 32 ரூபாயிலிருந்து 35 ஆக்கியபோது, அந்த 3 ரூபாய்க்காக உற்பத்தியாளர்கள் எவ்வளவு காலம் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு லூசான வயர் அதில் பெரும்பங்கைத் தின்றுவிடக் கூடாது.

இன்னொரு கோளாறு உண்டு, இது கண்ணுக்குத் தெரியாதது. வயர் நடுவில் விட்டுப்போனால், சில கணக்குப் பெட்டிகளில் முந்தைய ஆளின் எண் திரையிலேயே நின்றுவிடும். கவனிக்காமல் பட்டனைத் தட்டினால் அடுத்தவர் பெயரில் அதே ஃபேட் ஏறிவிடும். உங்களுக்கு முன்னால் ஊற்றியவரின் சிலிப்பையும் உங்கள் சிலிப்பையும் வைத்துப் பாருங்கள். ஃபேட், எஸ்.என்.எஃப். இரண்டும் கடைசிப் புள்ளி வரை ஒன்றாக இருந்தால் சந்தேகப்படுங்கள். ஒரே வீட்டில் கட்டியிருக்கும் இரண்டு மாட்டுக்கே அப்படி அமைவது அபூர்வம். ஒரு தடவை என்றால் தற்செயல். மூன்று பேருக்கு வரிசையாக அதே எண் என்றால் மிஷின் பேசவில்லை, பழையதையே சொல்கிறது என்று அர்த்தம்.

நோய்க்குறி பார்த்துச் சொல்வது

மாட்டு டாக்டர் வந்ததும் ஊசி போடுவதில்லை. சாணி எப்படி, அசை போடுகிறதா, காது சூடா என்றுதான் பார்க்கிறார். மிஷினுக்கும் அதே வழி.

எண் சுத்தமாக வரவே இல்லை என்றால் கரண்ட், வயர், சொருகுமிடம் மூன்றில் ஒன்று. முதலில் அனலைசரில் விளக்கு எரிகிறதா? அதன் திரையில் எண் வருகிறதா? அங்கேயே வரவில்லை என்றால் கனெக்‌ஷனைக் குறை சொல்லிப் பயனில்லை. அங்கே வந்து கம்ப்யூட்டரில் வரவில்லை என்றால் பின்பக்கம் போகும் வயரைப் பாருங்கள். ஒன்பது ஊசி உள்ள பிளக், இரு பக்கமும் சின்ன திருகாணி இருக்கும். அந்தத் திருகாணியை முடுக்காமலே விட்டுவிடுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. கூட்டும்போது துடைப்பம் பட்டாலே பாதி கழன்றுவிடும்.

வந்து வந்து போகிறது என்றால் அநேகமாக வயருக்குள்ளே அறுந்திருக்கும், அல்லது ஊசியில் களிம்பு பிடித்திருக்கும். தரையைக் கழுவிவிடும் இடம், பால் சிந்தும் இடம், எலி நடமாடும் இடம். அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலை, சுண்ணாம்புக்கல் லாரி போகிற ரோட்டோரச் சொசைட்டி என்றால் மாவு போலத் தூசி படிந்துவிடும். ஈரம் சேர்ந்தால் அது இறுகிப்போகும். சுவிட்சை அணைத்துவிட்டு, பிளக்கைக் கழற்றி, காய்ந்த பழைய பல் பிரஷால் மெல்லத் துடைக்கலாம். ஈரத்துணி, மண்ணெண்ணெய் கூடவே கூடாது. ஊசி வளைந்திருந்தால் நிமிர்த்தப் போராடாமல் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

கிறுக்கல் எழுத்து வருகிறது என்றால் வயர் பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கிறது, வேகம்தான் பொருந்தவில்லை. யாரோ அமைப்பை மாற்றியிருப்பார்கள், அல்லது சர்வீசுக்குப் போய் வந்த மிஷின் வேறு வேகத்தில் திரும்பியிருக்கும். மிஷின் புத்தகத்தில் 2400, 9600 என்று போட்டிருப்பதையும் கம்ப்யூட்டரில் வைத்திருப்பதையும் ஒப்பிட்டால் போதும்.

எண் ஒழுங்காக வருகிறது, இரண்டு திரையிலும் ஒன்றாகவே இருக்கிறது, ஆனாலும் உங்கள் பாலுக்கு இது குறைவு என்று தோன்றுகிறதா? அது கனெக்‌ஷன் கோளாறே அல்ல. அனலைசரின் உள்ளே கழுவாமல் பால் படிந்திருக்கலாம், அளவு சரிபார்த்து நாளாகியிருக்கலாம். அப்போது கேட்க வேண்டியது பழைய கெர்பர் சோதனை. 10 மில்லி கந்தக அமிலம், 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால், மூன்றையும் குழாயில் விட்டுச் சுழற்றிக் கொழுப்பைப் பிரித்துப் பார்ப்பது. அமிலம் கையில் பட்டால் வெந்துவிடும், பழகியவர்தான் செய்ய வேண்டும். ஆனால் அதற்குக் கரண்ட் கனெக்‌ஷன், கம்ப்யூட்டர் கனெக்‌ஷன் எதுவும் தேவையில்லை, கையால் சுற்றும் மிஷினே போதும்.

வாயும் காதும்

புது வயர் வாங்கி மாட்டியும் வேலை செய்யவில்லை என்று தலையில் கை வைத்து உட்கார்ந்த சங்கம் ஒன்று உண்டு. காரணம் சின்னது. அந்த ஒன்பது ஊசியில் முக்கியமானவை மூன்றுதான். கம்ப்யூட்டர் பக்கம் 2-ஆம் ஊசி கேட்பது, 3-ஆம் ஊசி பேசுவது, 5-ஆம் ஊசி இரண்டுக்கும் பொதுவான தரை. என் வாய் உன் காதுக்குப் போக வேண்டும், உன் வாய் என் காதுக்கு. சில மிஷினுக்கு இதற்காக வயரையே உள்ளே மாற்றிக் கட்டியிருப்பார்கள், சிலதில் மிஷினுக்குள்ளேயே மாற்றியிருப்பார்கள். பார்க்க இரண்டு வயரும் ஒன்றுபோலவே இருக்கும். தப்பான வயரைப் போட்டால் வாயோடு வாய், காதோடு காது சேர்ந்துவிடும், இரண்டும் பேசும், யாரும் கேட்க மாட்டார்கள். கடையில் வாங்கப் போகும்போது பழைய வயரையும் கையோடு கொண்டுபோவதே புத்திசாலித்தனம்.

5-ஆம் ஊசியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஒருத்தி மேட்டிலும் ஒருத்தி பள்ளத்திலும் நின்றுகொண்டு யார் உயரம் என்று எப்படிச் சொல்வது? மிஷின்களுக்கும் ஒரே தரை வேண்டும். எர்த் சரியில்லாத கட்டடத்தில் எடை மிஷின் ஒரு பிளக்கிலும் கம்ப்யூட்டர் வேறு பிளக்கிலும் இருந்தால் எண் துள்ளும். கை வைத்தால் சுருக்கென்று இழுக்கிறது என்றால் உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்லுங்கள். அதில் வேடிக்கை பார்க்கக் கூடாது.

ஸ்டிக்கர் பொட்டு வைத்தியம்

இப்போதைய கம்ப்யூட்டர்களில் ஒன்பது ஊசிக்கான இடமே பெரும்பாலும் இல்லை. நடுவில் ஒரு யு.எஸ்.பி. மாற்று வயர் போடுகிறார்கள். அதை எந்த ஓட்டையில் சொருகுகிறோமோ அதற்கேற்பக் கம்ப்யூட்டர் காம் 3, காம் 5 என்று ஒரு எண் கொடுக்கும். சுத்தம் செய்தவர் கழற்றி வேறு ஓட்டையில் சொருகிவிட்டால் எண் மாறிவிடும். கணக்கு மென்பொருள் பாவம், பழைய வீட்டு வாசலிலேயே காத்துக்கொண்டிருக்கும். இதற்கு நான் சொல்லும் வைத்தியம்: வயர் நுனியில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு, அதைச் சொருகும் ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. எடை மிஷின் வயருக்குப் பச்சை. பொட்டுக்குப் பொட்டு பார்த்துச் சொருகினால் பாதிப் புகார் வராது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கேட்டால் சிரிப்பீர்கள். கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையில் அம்பு தானாக இங்கும் அங்கும் ஓடும், எதையெதையோ திறக்கும். "செய்வினையா இருக்குமோ" என்றுகூட ஓர் ஊரில் கேட்டார்கள். வேறொன்றுமில்லை. சில எடை மிஷின்கள் நிறுத்தாமல் எடையை அனுப்பிக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டர் விழித்தெழும் நேரத்தில் அது வந்தால், பழைய வகை மவுஸ் மாட்டியிருக்கிறார்கள் என்று விண்டோஸ் நினைத்துக்கொள்ளும். எடை மிஷினை அணைத்துவிட்டுக் கம்ப்யூட்டரை மறுபடி போடுங்கள், அது முழுதாக எழுந்த பிறகு எடை மிஷினைப் போடுங்கள். பேய் ஓடிவிடும்.

படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால்

பாலிடெக்னிக், இன்ஜினியரிங் படிக்கும் மகள்கள் நம் ஊர்களில் இப்போது பலர். வயர் நன்றாக இருக்கிறதா என்று அவர்களே சோதிக்கலாம். மிஷின் பக்கத்தைக் கழற்றிவிட்டு, வயர் நுனியில் 2-யும் 3-யும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து, கம்ப்யூட்டரில் எழுத்தைத் தட்டினால் தட்டியதே திரும்பி வர வேண்டும். வந்தால் கம்ப்யூட்டரும் வயரும் நலம், கோளாறு மிஷின் பக்கம். அல்லது வேகமோ, வாய் காது மாறியதோ காரணம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. கல்லூரி ப்ராஜெக்டுக்கு வாங்கிய அர்டுயினோ பலகையை இந்த வயரில் நேராகக் கோக்க வேண்டாம். அந்தப் பலகை 5 வோல்ட் அல்லது 3.3 வோல்ட் மட்டும் தாங்கும். இந்த வயரில் 15 வோல்ட் வரை கூட்டலாகவும் கழித்தலாகவும் ஓடும். நடுவில் மேக்ஸ் 232 போன்ற மாற்றுச் சில்லு போட்டால்தான் பலகை பிழைக்கும்.

ரேஷன் கடையிலும் 2025-ல் விற்பனைக் கருவியை மின்னணுத் தராசோடு புளூடூத் மூலம் இணைக்கத் தொடங்கினார்கள். அங்கே வயர் இல்லை, ஆனாலும் கேள்வி அதேதான்: தராசுத் திரையில் என்ன இருக்கிறது, கருவியில் என்ன ஏறியது, இரண்டும் ஒன்றா?

அடுத்த குழுக் கூட்டத்துக்கு

பால் ஊற்றும் உறுப்பினர்கள் ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள். கனெக்‌ஷன் போன நாளில் தேதி, காலையா மாலையா, அனலைசர் திரையில் இருந்த எண், சிலிப்பில் வந்த எண், யார் எந்த வயரைத் தொட்டார், எதை மாற்றியதும் சரியானது என்று எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். வயர், ஓட்டை, வேகம் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று தெரியாமலே போகும். பெட்டியைத் திறப்பது நம் வேலையல்ல, உள்ளே 230 வோல்ட் இருக்கிறது. மெக்கானிக் வரும்போது நோட்டைக் காட்டினால் அவருக்குப் பாதி வேலை மிச்சம். மூன்று மாத நோட்டு சேர்ந்த பிறகு, எழுதப் படிக்கத் தெரிந்த இரண்டு பேர் அதை எடுத்துக்கொண்டு சங்கத் தலைவரைப் பாருங்கள். கையால் எழுதிய நாட்களில் ஃபேட் எவ்வளவு, மிஷின் எழுதிய நாட்களில் எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தே பேசுங்கள்.