நுண்டுளையும் தனி மூலக்கூறும்

மாணவர்காள்! தெமோதரைச் சுரங்கத்தினுட் புகையிரதம் நுழைவதைப் பலமுறை கண்டிருப்பீர்கள். சுரங்க வாயிலிற் கண்மூடி நிற்பவனும், ஓசை மாறுவதைக் கேட்டே பெட்டிகளை எண்ணிவிடுவான். கண்ணுக்குப் புலனாகாத தனி மூலக்கூறொன்றையும் இவ்வாறே அறியும் முறை இன்று உண்டு. அதற்கு வேண்டிய துளையின் அகலம் ஒன்றிரண்டு நனோமீற்றர் மாத்திரமே. ஒரு நனோமீற்றர் என்பது மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகும். நுண் + துளை = நுண்டுளை எனத் தமிழில் வழங்கலாம்.

இம்முறையின் முன்னோடி, அமெரிக்கரான வாலஸ் கூல்ற்றர் 1953இல் காப்புரிமை பெற்ற குருதிக்கல எண்ணியாகும். உப்புநீரிலுள்ள சிறு துளையினூடாக மின்னோட்டம் செல்லும். ஒவ்வொரு கலமும் துளையைக் கடக்குந்தோறும் அது சற்றுத் தளரும். தளர்ச்சிகளை எண்ணினாற் கலங்களின் தொகை கிடைக்கும். டெங்குக் காய்ச்சலிற் குருதிச் சிறுதட்டுக்களை எண்ணும் வைத்தியசாலைப் பொறிகள் பலவற்றுக்கும் இதுவே அடிப்படை.

1996இல் கசியனோவிச், பிராண்டன், டீமர் முதலியோர் இத்தத்துவத்தை மூலக்கூற்றுக்கும் பொருத்தினர். சீழ்க்கட்டியை உண்டாக்கும் பற்றீரியாவின் நச்சுப் புரதம் இயல்பாகவே துளையுடையது. அதனைக் கொழுப்புப் படலத்திற் பதித்து, ஆர்.என்.ஏ., டி.என்.ஏ. இழைகளை அதனூடாகச் செலுத்தினர். இழை மிக விரைந்தோடியமையால் எழுத்துக்களைப் பிரித்தறிதல் அப்போது இயலவில்லை. பின்னர் நொதியமொன்று இழையைப் பிடித்துப் படிப்படியாக விடுமாறு செய்யப்பட்டது. துளையினுள் நிற்கும் எழுத்துக்களுக்கேற்ப மின்னோட்டம் வேறுபட, அதனைக் கணினி வாசிக்கிறது. மயிரிழை போன்ற கால்வாய்களையுடைய சிறு தகடு, மாதிரியைத் துளைகளுக்கு இட்டுச் செல்கிறது.

இதனால் நமக்கென்ன பயன்? 2015இல் மேற்கு ஆபிரிக்காவின் கினியில் எபோலா பரவியபோது, கையடக்கமான இக்கருவியை ஆய்வாளர் பயணப்பெட்டியிற் கொண்டு சென்றனர். மாதிரி கிடைத்து 24 மணித்தியாலத்துக்குள்ளேயே வைரசின் மரபணுவை வாசித்தனர். தோட்டத்து லயனிற் காய்ச்சலுடன் கிடப்பவரின் குருதி, மலைப்பாதை கடந்து தூரத்து ஆய்வுகூடம் சேர்வதற்குள் பொழுது கழிந்துவிடும். நோயாளியை நோக்கி ஆய்வுகூடமே வருதல் அன்றோ நன்று!

எனினும் கருவி மட்டும் போதாது. ஒருமுறை வாசிப்பிற் பிழை நேரும். பலமுறை வாசித்தே திருத்தல் வேண்டும். இரசாயனப் பொருள்களுக்குச் செலவும் குளிர்சாதனமும் வேண்டும். அனைத்தினும் மேலாக, பௌதிகம், இரசாயனம், உயிரியல் மூன்றையும் ஒருங்கே கற்ற கைகள் வேண்டும். அக்கைகள் ஊவா மலைகளிலிருந்தே எழுதல் வேண்டும். விழாக் கொண்டாடும் பழைய மாணவர், ஆய்வுகூடத்துக்கு ஒரு நுணுக்குக்காட்டியை ஈந்தாலும் அதற்கு வித்திட்டவராவர்.