பிள்ளைத்தமிழ்ப் பருவங்களும் இல்லத்து முன்பருவக் கல்வியும்: காவிரிப்படுகைச் சான்றுகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

குழந்தையின் நாட்டத்தைப் பின்பற்றி இல்லத்திலேயே நிகழும் முன்பருவக் கல்வி, இருபதாம் நூற்றாண்டில் மேலைநாட்டுக் கல்வியாளர் வழியே தமிழகத்திற்கு வந்த கருத்தாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. சங்க இலக்கியத்தின் சிறுதேர்க் காட்சிகளும் பிள்ளைத்தமிழின் பருவப் பகுப்பும் இக்கருத்தை மறு ஆய்வுக்கு உட்படுத்துகின்றன. பிள்ளைத்தமிழின் பருவ வரிசை கற்பித்தலின் வரிசையன்று, கவனித்தலின் வரிசை என்பதை இக்கட்டுரை அதன் மொழியமைப்பைக் கொண்டு நிறுவ முயல்கிறது. அம்மரபின் எல்லைகளையும், திருவிடைமருதூர் போன்ற காவிரிப்படுகை ஊர்களில் இன்று அது எதிர்கொள்ளும் நெருக்கடியையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: பிள்ளைத்தமிழ், பருவம், சிறுதேர், மருதம், முன்பருவக் கல்வி, திருவிடைமருதூர்.

முன்னுரை

கற்கும் பொருளையும் நேரத்தையும் வேகத்தையும் குழந்தையின் நாட்டம் தீர்மானிக்க, பெரியவர் சூழலை அமைத்துத் துணைநிற்பதே குழந்தை வழிப்பட்ட கற்றல் ஆகும். மரியா மாண்டிசோரி 1907ஆம் ஆண்டு உரோம் நகரில் தொடங்கிய குழந்தைகள் இல்லம் இக்கொள்கையின் முதன்மையான களமாயிற்று. 1939ஆம் ஆண்டு பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினார். குழந்தையின் உள்வாங்கும் மனத்தைப் பற்றிய அவருடைய நூல் 1949ஆம் ஆண்டு அடையாற்றில் வெளிவந்தது. இவ்வரலாறு தமிழகத்திற்குரியதே. எனினும், குழந்தையைப் பின்தொடரும் பார்வை இம்மண்ணில் அதற்கு முன்னரே இருந்ததா என்னும் வினா, கல்வி வரலாற்றுக்கும் இலக்கிய ஆய்வுக்கும் பொதுவானது.

இவ்வினாவை ஆராயக் காவிரிப்படுகையும் அதன் மருதநிலமும் பொருத்தமான களமாகின்றன. மருதமரத்தைத் தலமரமாகக் கொண்டு, அம்மரத்தின் பெயரையே தன் பெயரில் தாங்கிய திருவிடைமருதூர், தெருவழகுக்குப் பெயர்பெற்ற ஊர் என்பது சோழநாட்டு வழக்கு. திருவிடைமருதூர் உலாவைப் பாடிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) சேக்கிழார் பிள்ளைத்தமிழ் முதலிய பிள்ளைத்தமிழ் நூல்களையும் பாடியவர். தலைவன் தெருவில் வருவதைப் பாடுவது உலா. குழந்தை வீட்டில் வளர்வதைப் பாடுவது பிள்ளைத்தமிழ். தெருவும் வீடும் ஒரே புலவரின் பாடுபொருளாக இப்படுகையில் அமைந்தன.

சிறுதேரும் நெல் உலரும் முற்றமும்

குழந்தையின் விளையாட்டைச் சங்கப் பாடல்கள் தனித்த இடத்தில் வைத்துக் காட்டுவதில்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை, சோழநாட்டு ஊர்களின் அகன்ற முற்றத்தில் உணங்கும் உணவைக் கொத்தவரும் கோழியை மகளிர் தம் காதணியை எறிந்து விரட்டுவதைக் கூறுகிறது. எறிந்த அக்காதணி, குதிரையின்றிச் சிறுவர் உருட்டிவரும் மூன்று சக்கரச் சிறுதேரின் வழியைத் தடுக்கிறது. இக்காட்சி பெரும்பாலும் சோழநாட்டின் செல்வச் சிறப்பைக் காட்டுவதாகவே விளக்கப்படுகிறது. கல்வி நோக்கில் இது வேறொன்றையும் உணர்த்துகிறது. தானியம் உலரும் முற்றமே குழந்தை தேர் உருட்டும் களமாகவும் இருக்கிறது. பெரியவரின் தொழிலிடமும் குழந்தையின் விளையாட்டிடமும் பிரிக்கப்படவில்லை. பெரியவர் வேலை செய்துகொண்டே காவல் புரிகின்றனர். குழந்தை அவ்வேலையின் நடுவே தன் செயலில் ஈடுபடுகிறது.

அதே புலவரின் பெரும்பாணாற்றுப்படை, ஏறிச் செல்ல இயலாத சிறுதேரை உருட்டிக் களைத்த புதல்வர் செவிலியரைத் தழுவிப் பாலுண்டு உறங்குவதைக் காட்டுகிறது. உருட்டும் செயலைத் தொடங்குவோர் புதல்வர். அதை முடித்துவைப்பது அவர்களுடைய களைப்பே. செவிலி விளையாட்டை நடத்தவுமில்லை, நிறுத்தவுமில்லை. குழந்தை திரும்பி வரும்போது தழுவிக்கொள்ள அங்கே இருக்கிறாள்.

இவற்றினும் நுட்பமானது தும்பிசேர் கீரனாரின் குறுந்தொகை 61ஆம் பாடல். தச்சன் செய்த சிறிய தேரில் ஏறி ஊர்ந்து இன்புற இயலாவிடினும், அதைக் கையால் இழுத்தே சிறுவர் இன்புறுவர் என்பது அப்பாடலின் உவமை. தலைவனோடு கூடி இன்புறாவிடினும் அவனது நட்பே இன்பம் தருகிறது என்னும் மருதத்திணைப் பொருளுக்கு இவ்வுவமை துணைநிற்கிறது. பொருளின் பயன் என்று பெரியவர் கருதுவது ஊர்தல். குழந்தை கண்டறியும் பயன் இழுத்தல். இரண்டாவதை முதலாவதன் குறைபாடாகக் கருதாமல், தன்னளவில் நிறைவுடைய இன்பமாகப் புலவர் ஏற்கிறார். இவ்வேற்பின் மீதே உவமை நிற்கிறது.

பாண்டியன் அறிவுடைநம்பியின் புறநானூறு 188ஆம் பாடலும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. குறுகக் குறுக நடந்து, சிறுகையை நீட்டி, நெய்ச்சோற்றை இட்டும் தொட்டும் கவ்வியும் துழாவியும் மேலெல்லாம் பூசியும் மயக்கும் குழந்தையை அது காட்டுகிறது. ஒழுங்கற்ற உண்ணல் என விலக்கத்தக்க செயல், தனித்தனி வினைகளாகப் பகுத்து நோக்கப்படுகிறது. இவ்வளவு வினைகளைப் பிரித்தறிய, தடுக்காது நெடுநேரம் பார்த்திருக்க வேண்டும். குழந்தையின் சிறுகை அளாவிய கூழைப் போற்றும் திருக்குறளும் (64) இதே பார்வையுடையது.

பருவப் பகுப்பின் மொழியமைப்பு

பெரியாழ்வார் பாசுரங்களில் கண்ணனின் குழந்தைமைச் செயல்களாக விரிந்த இம்மரபு, பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தரின் குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழில் தனி இலக்கிய வகையாக நிலைபெற்றது. பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் காவிரிப்படுகையின் புள்ளிருக்குவேளூர் முருகன்மீது முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழைப் பாடினார். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்பவை இருபாலுக்கும் பொதுவான ஏழு பருவங்கள். ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பனவும், பெண்பாலுக்குக் கழங்கு, அம்மானை, நீராடல், ஊசல் போன்றவற்றுள் மூன்றும் இறுதியில் அமையும். மூன்றாம் திங்கள் முதல் இருபத்தொன்றாம் திங்கள் வரை ஒற்றைப்படைத் திங்கள்களைப் பருவங்களுக்கு உரியனவாகக் கூறும் பாட்டியல் மரபு உண்டு.

இவ்வரிசையைப் பாடத்திட்டம் போலக் கொள்ள இடமுண்டு. ஆனால் பாடல்களின் மொழியமைப்பு அவ்வாறு கொள்வதைத் தடுக்கிறது. இதற்கு மூன்று சான்றுகள் கூறலாம்.

முதலாவது, வினைமுடிபு. தலையை உயர்த்தி அசைந்தாடுக, கைகொட்டுக, முத்தம் தருக, வருக என்னும் வேண்டலாகப் பாடல்கள் முடிகின்றன. பலவிடங்களில் ‘அருளுதல்’ துணைவினையாக வருகிறது. செயலைச் செய்வதும் செய்யாதிருப்பதும் குழந்தையின் உரிமை என்பது இவ்வாய்பாட்டில் அடங்கியுள்ளது. பாடுவோர் கேட்கிறார், காத்திருக்கிறார். பாட்டுடைத்தலைவர் தெய்வமோ வேந்தரோ ஆதலின் இது வழிபாட்டு மொழியே எனத் தடை எழலாம். ஆனால், எழுத்தறியாத தாயரும் பாடும் கைவீசல், சாய்ந்தாடல் பாடல்களிலும் குழந்தையை ‘அம்மா’ என விளித்து வேண்டும் முறையே உள்ளது. ஆதலின் இம்மொழி வழிபாட்டுக்கு மட்டும் உரியதன்று. இல்லத்துப் பேச்சிலும் அது வேரூன்றியுள்ளது.

இரண்டாவது, அம்புலிப் பருவம். சாமம், தானம், பேதம், தண்டம் என்னும் நால்வகை உபாயங்களும் இப்பருவத்தில் ஆளப்படுகின்றன. அவை அனைத்தும் நிலவை நோக்கியவை. குழந்தையோடு விளையாட வாராவிடில் ஒறுக்கப்படுவது அம்புலியே. குழந்தையின் விருப்பத்திற்கு உலகை இணங்கவைக்கும் முயற்சியாகவே அச்சுறுத்தல் அமைகிறது.

மூன்றாவது, சிற்றில் பருவம். இங்குப் பேசுவோர் சிறுமியர். தாம் இழைத்த மணல்வீட்டைச் சிதைக்க வேண்டா என அவர்கள் தலைவனை இறைஞ்சுகின்றனர். அடக்க முடியாத குழந்தையை வளர்ச்சியின் ஒரு படியாகவே இலக்கணம் ஏற்றுக்கொண்டுள்ளது. எனினும், சிதைவுக்குள்ளாகும் சிறுமியரின் குரலையும் அது அழிக்கவில்லை. ஒருவரின் விருப்பம் மற்றவரின் ஆக்கத்தோடு மோதுமிடம் இப்பருவத்தில் வெளிப்படுகிறது.

குழந்தை ஏற்கெனவே தொடங்கிய அல்லது தொடங்கவிருக்கும் செயலைக் கண்டு, அதைப் பாடலால் வரவேற்பதே பருவ வரிசையின் பணி என்பது இவற்றால் புலனாகிறது. நடக்கத் தொடங்கும் குழந்தையை நோக்கியே ‘வருக’ எனப்படுகிறது. கிடக்கும் குழந்தையை நடக்கப் பழக்கும் பருவம் எதுவும் இல்லை.

வீட்டமைப்பும் கற்றல் சூழலும்

திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை எனத் தொடரும் காவிரிப்படுகையின் பழைய வீட்டமைப்பு, குழந்தையின் இயக்க எல்லை சிறிது சிறிதாக விரிய இடமளித்தது. தூளியில் கிடந்த குழந்தை கூடத்தில் தவழ்ந்து, நடைவண்டியைப் பற்றி நடந்து, திண்ணையிலிருந்து தெருவைக் காண்கிறது. ஆழாக்கும் படியும் கைக்கெட்டும் வீட்டில், நெல்லை அள்ளிக் கொட்டும் விளையாட்டே அளவை பற்றிய முதல் அறிவாகிறது. சொப்பும் மரப்பாச்சியும் பெரியவரின் உலகைக் கைக்கடக்கமாக்குகின்றன. திருவிடைமருதூரில் தைப்பூசத் தேரோட்டத்தைக் கண்ட குழந்தைக்குச் சிறுதேர் உருட்டல் இலக்கியப் பருவம் மட்டுமன்று, கண்டதை மீளச் செய்துபார்க்கும் வழியுமாகும்.

இதற்கு நேர்மாறானது திண்ணைப் பள்ளி. ஏறத்தாழ ஐந்தாம் வயதில் ஏடு தொடங்கிய பின், மணலில் எழுதுதல், மனனம், முறைவைத்தல், பிரம்பு என்னும் ஒழுங்கு வந்தது. ஆகவே பழைய கல்விமுறை முழுவதும் குழந்தை வழிப்பட்டது எனக் கூறுதல் பொருந்தாது. ஐந்து வயதுக்கு முற்பட்ட பருவத்தை அவ்வொழுங்குக்கு வெளியே வைத்தது என்பதே சரியான மதிப்பீடு.

மரபின் எல்லைகள்

இச்சான்றுகள் பெரியவர் படைத்தவை. இவை காட்டுவது இலட்சியமே ஆதலின், ஒவ்வோர் இல்லத்தின் நடைமுறையாக இவற்றைக் கொள்ளுதல் இயலாது. மேலும் இரு குறைகள் வெளிப்படையானவை. இறுதி மூன்று பருவங்களில் ஆண்குழந்தைக்குத் தேரும் பறையும், பெண்குழந்தைக்கு அம்மானையும் ஊசலும் என நாட்டத்திற்கு முன்பே பால் தீர்மானிக்கிறது. குழந்தையின் நாட்டத்தைப் பின்பற்றிய மரபு இவ்விடத்தில் அதைக் கைவிடுகிறது.

மற்றொரு குறை உழைப்பைச் சார்ந்தது. பொன்னணி மகளிரும் செவிலியரும் உள்ள வீட்டில் குழந்தையைப் பார்த்திருக்க ஓய்வுண்டு. அவ்வீட்டின் நெல்லை நட்டு, களைபறித்து, அறுத்த பெண்களின் குழந்தைகள் வரப்போரத்து மரக்கிளைத் தூளியில் கிடந்தனர். அக்குழந்தைகளுக்கும் தாலாட்டு உண்டு. ஆனால் அது நாட்டார் வழக்கில் நின்றது, பிள்ளைத்தமிழுக்குள் இடம்பெறவில்லை. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975இல் தொடங்கிய பின் பரவிய அங்கன்வாடிகளும், 1982இல் தமிழகத்தில் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டமும் இவ்விடைவெளியை நோக்கி எழுந்தவை. இல்லத்துக் கல்வியைப் போற்றும் ஆய்வு, உழைக்கும் தாய்க்கு அங்கன்வாடியே இல்லத்தின் நீட்சி என்பதையும் ஏற்றாக வேண்டும்.

இன்றைய நெருக்கடி

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையே கட்டாயக் கல்வியை வரையறுக்கிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக்கொள்கை மூன்று முதல் எட்டு வயது வரையிலான பருவத்தை அடித்தள நிலை எனக் கொண்டு விளையாட்டுவழிக் கற்றலை வலியுறுத்துகிறது. நடைமுறையில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் பலவற்றில், பென்சில் பிடிக்க விரல் பக்குவப்படுமுன்பே எழுத்தும், தாய்மொழியில் சொல் பெருகுமுன்பே ஆங்கில எழுத்து வரிசையும் திணிக்கப்படுகின்றன. வீட்டுப்பாடத்தின் வழியே இவ்வொழுங்கு இல்லத்துள்ளும் நுழைகிறது. பார்த்திருந்த தாயும் பாட்டியும் பாடம் எழுதவைப்போராக மாறுகின்றனர். இம்மாற்றத்தில் இழக்கப்படுவது விளையாட்டு நேரம் மட்டுமன்று. குழந்தையின் செயலைப் பெயரிட்டு அறியும் சொற்களும், வேண்டிக் காத்திருக்கும் பேச்சுமுறையும் உடன் மறைகின்றன.

முடிவுரை

இழுத்து இன்புறும் சிறுவரைக் கண்ட குறுந்தொகையும், வேண்டலாக முடியும் பிள்ளைத்தமிழும், குழந்தையின் செயலே முதலில் வருவது, பெரியவரின் சொல் அதைத் தொடர்வது என்னும் முறையை ஏற்றவை. அம்மரபைப் பால் பாகுபாடும் உழைப்புப் பாகுபாடும் நீக்கி மீட்டெடுப்பதே இன்றைய தேவை. திருவிடைமருதூர் வட்டாரத்து அங்கன்வாடிகளிலும் இல்லங்களிலும் வழங்கும் குழந்தைப் பாடல்களையும், நடைவண்டி, சொப்பு முதலிய விளையாட்டுப் பொருள்களையும், அவற்றோடு வழங்கும் சொற்களையும் கள ஆய்வால் தொகுத்தல் தமிழ்த்துறைகள் உடனே மேற்கொள்ளத்தக்க பணியாகும். அத்தொகுப்பு கிடைக்குமாயின், முன்பருவக் கல்விக்கான பாடநூலாக்கம் அயல்மொழிப் பாடல்களின் பெயர்ப்பை நம்பியிராமல், இப்படுகையின் முற்றத்திலிருந்தே தொடங்க இயலும்.